இடது கையால் எழுதிய அத்தியாயம்

ஜூன் 9

மிக்ஸி மறுபடியும் நின்றுவிட்டது. இனிப் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை என்றார் கடைக்காரர். சென்ற மாதம் என் முழங்காலைப் பற்றி மருத்துவரும் இதே தொனியில்தான் சொன்னார்.

பதிப்பாளர் திரவியம் தொலைபேசியில் பேசினார். ஆகஸ்ட் முடிவதற்குள் முழுப் பிரதியும் வந்தால்தான் புத்தகக் கண்காட்சிக்கு நூல் வருமாம். பன்னிரண்டு அத்தியாயங்களில் பதினொன்று முடிந்துவிட்டன. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் அறிவு எப்படி உருவானது, எப்படிக் கைமாறியது என்பது நூலின் பொருள். கல்லூரியின் வரலாற்றுத் துறையில் அருகருகே மேசை போட்டிருந்த காலத்தில் நானும் பெர்சிஸும் பேசத் தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகு எழுதத் துணிந்தது. கடைசி அத்தியாயம் அவள் பங்கு. அதில் பாதியை எழுதியிருந்தபோது அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று. பேச்சு பெரும்பாலும் போயிற்று. புரிந்துகொள்ளும் திறன் அப்படியே இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். வானொலிப் பெட்டியில் எந்தப் பாகம் இன்னும் வேலை செய்கிறது என்று சொல்பவரைப் போல.

"பதினொண்ணோட நிறுத்திக்கிடலாமேம்மா. யாரு எண்ணப் போறா," என்றார் திரவியம்.

எண்ணுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்றேன்.

ஜூன் 13

எட்டாம் அத்தியாயத்தின் அச்சுப்படியைத் திருத்தினேன். உடற்கூறு மண்டபத்தைப் பற்றியது. பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பழைய நூலை உரக்கப் படிப்பார். கீழே ஒருவர் சடலத்தை அறுப்பார். இன்னொருவர் கோலால் சுட்டுவார். நூலில் இருப்பதும் சடலத்தில் இருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் பேராசிரியருக்கு அது தெரிய வாய்ப்பில்லை, ஏனெனில் அவர் குனிந்து பார்ப்பதில்லை. நன்றாக வந்திருக்கிறது. மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது எப்போதும் சிரிப்பார்கள்.

ஜூன் 20

நாசரேத்திலிருந்து ஹெலன் பேசினாள். பெர்சிஸின் தம்பி மனைவி. மருத்துவமனையிலிருந்து பெர்சிஸை அவர்கள்தான் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

"மேடம், மதினி நேத்துலேர்ந்து எடது கையால எழுதுதாங்க. முன்னால எழுதுன தாளையும் எடுத்துத் தரச் சொல்லிக் கைகாட்டுனாங்க. ஒண்ணும் புரியல. ஆனா நிறுத்த மாட்டேங்காங்க."

நிறுத்தச் சொல்லாதே என்றேன்.

ஜூன் 21

எங்கள் முறையை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் எவரேனும் கேட்கலாம். ஒருத்தி எழுதுவாள், மற்றவள் திருத்துவாள். திருத்தியதை முதலாமவள் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் வாதிட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். எது யாருடைய வாக்கியம் என்று நூலில் சொல்வதில்லை. பதினோரு அத்தியாயங்களிலும் ஒருமுறைகூட முடிவுக்கு வராமல் போனதில்லை. துறையில் மற்றவர்கள் பொறாமைப்பட்ட ஒற்றுமை இது.

நூலின் வாதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு முன் ஒரே நூலின் ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு விதமாக இருந்தது. அச்சு வந்தபின் தெற்கே பாதுவா நகரில் இருக்கும் மருத்துவரும் வடக்கே கிராக்கோ நகரில் இருக்கும் மருத்துவரும் ஒரே பக்கத்தைத் திறந்து ஒரே வரியைப் படிக்க முடிந்தது. பக்கம் நிலைத்தது, அதன்மேல் அறிவு நிலைத்தது. இதற்குக் கடைசி அத்தியாயம் முத்திரை வைக்க வேண்டும்.

ஜூலை 3

புது மிக்ஸி வந்தது. பழையதைவிடச் சத்தம் அதிகம், வேலை குறைவு.

ஜூலை 18

திருச்செந்தூர் ரயிலில் நாசரேத் சென்றேன். எதிர் இருக்கைப் பெண்மணி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். மருமகளின் பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது, சொன்னேன். அதன்பின் அமைதியாகப் பயணம் செய்தேன்.

பெர்சிஸ் இளைத்திருக்கிறாள். முகம் ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "ஏட்டி," என்றாள். அந்தச் சொல் பழுதில்லாமல் வருகிறது. இரண்டு முனைவர் பட்டங்கள் ஒரே அறையில் இருக்கும்போது அழைக்கத் தகுந்த சொல் அல்ல என்று கல்லூரியில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

தாள்களைக் கொடுத்தாள். ஹெலன் தேநீரும் மக்ரூனும் வைத்தாள். இருந்த ஆறு மக்ரூனில் நான்கைப் பெர்சிஸ் தின்றாள். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஜூலை 20

தாள்களில் எழுத்துகள் புளியங்கொட்டை அளவு பெரியவை. வரிகள் மேலேறிக் கீழிறங்குகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், சொற்கள் இடம் மாறியிருப்பது. "மை" வர வேண்டிய இடத்தில் "சாம்பார்" என்று எழுதியிருக்கிறாள். அச்சுப்பொறியை எல்லா இடத்திலும் "குதிரை" என்கிறாள். வெனிஸ் நகரில் நூறு குதிரைகள் இரவும் பகலும் சாம்பாரில் ஓடின என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைத்தேன்.

ஆனால் இது எனக்குப் பழக்கமான வேலை. மறுமலர்ச்சிக் கால அறிஞர்களுக்குப் பழைய நூல்கள் இப்படித்தான் கிடைத்தன: ஏதோ மடத்து அலமாரியில் ஒரே ஒரு பிரதி, அதுவும் எழுதியவன் கை தவறியது. ஒப்பிட வேறு பிரதி இல்லாதபோது, ஆசிரியர் என்ன எழுதியிருப்பார் என்று அவரை அறிந்தவர்கள் ஊகித்தார்கள். ஆசிரியரை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோமோ அந்த அளவுக்கு ஊகம் சரியாக இருக்கும். நான் பெர்சிஸை அறிந்திருக்கும் அளவுக்கு எவரும் எந்த ஆசிரியரையும் அறிந்ததில்லை.

ஜூலை 25

பத்துத் தாள்கள் முடிந்தன. குதிரைகள் அனைத்தையும் லாயத்தில் கட்டிவிட்டேன்.

ஜூலை 27

கடைசி மூன்று தாள்கள் சிக்கலானவை. சொற்பிழை அநேகமாக இல்லை. கையெழுத்துகூட நேராக இருக்கிறது. ஆனால் பொருள் தலைகீழாகக் கிடக்கிறது.

நிலையான பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்று தொடங்குகிறாள். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்டால் நிறுத்தித் திருத்துவார்கள். அதுவரை அடித்த தாள்களை எறிய மாட்டார்கள், காகிதம் விலை அதிகம். திருந்தியதும் திருந்தாததும் கலந்தே கட்டப்படும். பாதுவா மருத்துவர் படித்த வரியும் கிராக்கோ மருத்துவர் படித்த வரியும் வேறாக இருந்திருக்கலாம். இதுவரை சரி, இந்தத் தகவல் எனக்கும் தெரியும். ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் எழுதி வந்தபோது, வாதத்தைக் குழப்புகிறது என்று அடிக்குறிப்புக்கு அனுப்பினோம்.

அடுத்து எழுதியிருப்பதுதான் சேதம். கையெழுத்துப் பிரதியில் ஒரு மூலிகையின் படம் தவறாக இருந்தால் அந்தத் தவறு ஓர் அறைக்குள் கிடக்கும். அச்சில் தவறாக இருந்தால் ஆயிரம் தோட்டங்களில் ஆயிரம் பேர் செடியையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், கோபப்படுவார்கள், அச்சிட்டவனுக்குக் கடிதம் எழுதுவார்கள். ஆன்ட்வெர்ப் நகரில் உலக வரைபடத் தொகுப்பு வெளியிட்டவர், பிழை கண்டால் எழுதுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொண்டார். எழுதினார்கள். பதிப்புக்குப் பதிப்பு நூல் தடித்தது. ஆகவே, அச்சு தந்த கொடை எல்லார் கையிலும் ஒரே சரியான பக்கம் அல்ல. எல்லார் கண்ணிலும் படும்படியான தவறு. நிலைத்ததால் அறிவு வளரவில்லை, மறுக்க முடிந்ததால் வளர்ந்தது.

பதினோரு அத்தியாயங்கள் ஒன்று சொல்ல, பன்னிரண்டாவது வேறொன்று சொல்கிறது. பக்கவாதம் சொற்களை இடம் மாற்றியதுபோல் முடிவையும் திருப்பிப் போட்டிருக்கிறது. அவள் எழுதியிருக்கக்கூடியதை எழுதினேன். அரை நாள் வேலை.

ஜூலை 31

தட்டச்சு செய்து திரவியத்துக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2

திரவியம் பேசினார். கடைசி அத்தியாயம் பிரமாதமாம். "ரெண்டு பேரு எழுதுனதுன்னே தெரியலம்மா. அப்படியே உங்க எழுத்துதான்."

நன்றி சொன்னேன். பாராட்டத் தெரியாதவர்.

ஆகஸ்ட் 5

அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நாசரேத் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறது. அவள் கேட்டு ஏற்க வேண்டும். அவளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் எதிரே அமர்ந்து உரக்கப் படித்தேன். குதிரைகளின் கதையைச் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

கடைசிப் பகுதி வந்ததும், "இல்ல," என்றாள்.

திருத்தத்தின் அவசியத்தை விளக்கினேன். "இல்ல," என்றாள் மறுபடியும். தொடர்ந்து படித்தேன். முடியும்வரை அந்தச் சொல்லைப் பலமுறை சொன்னாள்.

அடுக்களையில் ஹெலனிடம் கேட்டேன், பெர்சிஸ் சொல்லும் "இல்ல"வுக்கு என்ன மதிப்பு என்று. அவள் தயங்காமல் சொன்னாள்: "அதுக்கு எத்தனையோ அர்த்தம் மேடம். காப்பி வேணுமா மதினின்னா இல்லம்பாங்க. வச்சா குடிச்சிருவாங்க. வாய்க்கு வார சொல்லு அது ஒண்ணுதான்."

இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். ஏற்றுக்கொண்டதாகக் குறித்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பினேன்.

ஆகஸ்ட் 6

சரியான தூக்கமில்லை. அந்த வீட்டுப் பருப்பு காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 8

நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். தக்காளி வாங்க மறந்தேன்.

ஒரு சாட்சியின் சொல்லை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் முன் அந்தச் சாட்சியைச் சோதிக்க வேண்டும். முதலாமாண்டு மாணவிக்கே சொல்லித்தரும் பாடம் இது. ஐந்தாம் தேதி அதைச் செய்தேனா என்று திரவியம் கேட்கப் போவதில்லை. வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 11

நாசரேத்.

ஹெலனிடம் சோதனையைப் பற்றிச் சொன்னேன். "பேச்ச எதுக்கு மேடம் நம்புதீங்க, வெரல நம்புங்க," என்றாள். இடக்கைக் கட்டைவிரல் மேலே என்றால் ஆம், கீழே என்றால் இல்லை. வீட்டில் எல்லாரும் பெர்சிஸோடு அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அன்னைக்கும் மதினி வெரலு கீழதான இருந்துச்சு. நீங்க படிச்சு முடிக்குமட்டும் இருந்துச்சு. நீங்க தாளத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவளைத் தேநீர் போடச் சொன்னேன்.

பிறகு பெர்சிஸின் எதிரே அமர்ந்து கேள்விகளைத் தொடங்கினேன். விடை நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் கேட்க வேண்டும். மைன்ட்ஸ் நகரில் அச்சு தொடங்கியது, சரியா? மேலே. வெனிஸ் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது? கீழே. இலத்தீன் தெரியாத பெண்கள் எவரும் அச்சகம் நடத்தவில்லை? கீழே, வேகமாக. நான் நல்ல ஆசிரியை? சற்று யோசித்துக் கீழே இறக்கினாள், தோள் குலுங்கியது. ஹெலன் கதவுக்கு வெளியே போய்ச் சிரித்தாள். ஆக, சாட்சி நம்பகமானது. அற்பத்தனமும் குறையவில்லை.

பிறகு கேட்டேன்: அச்சு எல்லார் கையிலும் ஒரே பக்கத்தைக் கொடுத்தது, அதனால் அறிவு நிலைத்தது, இது உன் கருத்தா?

கீழே.

நோய்க்குப் பின் இப்படித் தோன்றுகிறதா? கீழே. இந்த ஆண்டு? கீழே. ஓய்வு பெற்ற பிறகு? விரல் கீழேயே இருந்தது. அந்தக் கையாலேயே பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தாள், இன்னும் முன்னால், இன்னும் முன்னால் என்பதுபோல். மேசைகள் அருகருகே இருந்த காலம் வரைக்கும் போயிற்று.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இதற்கு விரல் போதாது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். எனக்குத் தெரிந்த சொற்களை எடுத்துக் கொடுத்தேன்: மறந்தாயா, முக்கியமில்லை என்று நினைத்தாயா, அப்போது சான்று போதவில்லையா. அவள் இடக்கையை உயர்த்தி என் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். போக்குவரத்துக் காவலர் நிறுத்துவதுபோல. நிறுத்தினேன்.

நெடுநேரம் கழித்து, "நீ," என்றாள். பிறகு, "விட்டாத்தான," என்றாள்.

தெளிவாகவே சொன்னாள். ஹெலனுக்கும் கேட்டது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12

ஐந்தாம் அத்தியாயத்தின் பழைய வரைவை எடுத்தேன். அவளுடைய பச்சை மையும் என்னுடைய சிவப்பு மையும் கிடந்தன. முதல் சில பக்கங்களில் மட்டும் பச்சை அடர்த்தியாக இருந்தது. மற்ற வரைவுகளையும் எடுத்து வைத்தேன். வானம் கறுத்தது, மொட்டைமாடியில் துணி கிடந்தது. அதை எடுக்கப் போனேன். பிறகு வரைவுகளைப் பார்க்கவில்லை.

மழையும் பெய்யவில்லை.

ஆகஸ்ட் 14

திரவியத்திடம் என் மூன்று பக்கங்களை எடுத்துவிட்டுப் பெர்சிஸ் எழுதியதை வைக்கச் சொன்னேன். படித்துவிட்டு மாலையில் கூப்பிட்டார். அவர் முட்டாள் அல்ல; எடுத்த எடுப்பிலேயே சிக்கலைப் பிடித்துவிட்டார்.

"இது நூலையே மறுக்குதேம்மா. பதினோரு அத்தியாயம் கட்டுன வீட்ட பன்னெண்டாவது இடிக்குது. வாங்குறவன் காச திருப்பிக் கேப்பான்."

வேறொரு வழி சொன்னேன். அக்காலத்து நூல்களில் பக்கத்தின் நடுவே மூலமும் அதைச் சுற்றி நாற்புறமும் உரைகளும் இருக்கும். ஓர் உரை இன்னோர் உரையோடு மல்லுக்கு நிற்கும். அதுபோல் என் அத்தியாயங்களைச் சுற்றிப் பெர்சிஸின் மறுப்பை அச்சிடலாம்.

"பஞ்சாங்கம் மாதிரி இருக்கும்மா," என்றார். இருக்கும்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, பெர்சிஸ் அம்மா உடல்நிலைக்கு நூல் சீக்கிரம் வருவது நல்லதல்லவா, கையில் வாங்கிப் பார்ப்பார்களே என்றார். நீங்கள் எழுதிய வடிவமே இருந்துவிட்டுப் போகட்டும்; அவர்கள் பெயர் அட்டையில் இருக்கத்தானே போகிறது என்றும் சொன்னார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நான் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டதாக நினைத்து மறுபடியும் அழைத்தார்.

ஆகஸ்ட் 17

ஹெலனோடு பேசினேன். மருத்துவர் வந்து பார்த்தாராம். இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. இன்னொரு முறை வரலாம். எப்போது என்று சொல்ல முடியாது, வராமலும் இருக்கலாம். இதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 19

நாசரேத். இரண்டு வழிகளையும் பெர்சிஸிடம் வைத்தேன். என் மூன்று பக்கங்களோடு நூலை இப்போதே கொண்டுவரலாம். கண்காட்சியில் இருக்கும், உன் மடியிலும் இருக்கும். அல்லது உன் பக்கங்களை வைத்து, மற்றப் பதினொன்றையும் அவற்றோடு பொருந்தத் திருத்தலாம். அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். ஹெலன் என்னை முறைத்தாள். தன் உடம்பைப் பற்றி அறியாதவளிடம் முடிவு கேட்பது முறையல்ல.

முதல் வழிக்கு விரல் கீழே போயிற்று. என் விளக்கம் முடியும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

இரண்டாவது வழிக்கு அவள் விரலைக் காட்டவில்லை. ஹெலனிடம் ஏதோ கைகாட்டினாள். ஹெலன் அலமாரியைத் திறந்து எங்கள் அத்தியாயங்களின் கட்டை எடுத்து வந்தாள். பெர்சிஸ் மேலே இருந்த முதல் அத்தியாயத்தை என் பக்கம் தள்ளினாள்.

ஆகஸ்ட் 20

இந்த ஆண்டு இல்லை என்று திரவியத்திடம் தெரிவித்தேன். அப்படியென்றால் எப்போது என்றார். எங்களிடம் தேதி இல்லை என்றேன். அவர் வருத்தப்பட்டார், எனக்காகவா கண்காட்சிக்காகவா என்று விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் 26

நாசரேத். முதல் அத்தியாயம். "தன் கையில் இருப்பது மற்றவர் கையில் இருப்பதே என்று நம்பக்கூடிய முதல் தலைமுறை அது" என்று தொடங்குகிறது. நான் எழுதியது. வாக்கியம் எனக்குப் பிடிக்கும். படித்துவிட்டுத் தாளிலிருந்து தலையை உயர்த்தினேன்.

விரல் கீழே.

இந்த வாக்கியத்தை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்டேன். நம்பினார்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன், உண்மை என்று எழுதவில்லை. இதை விட்டுத்தர மாட்டேன் என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அவளிடம் பதில் இருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "அவன்," என்றாள். நின்றது. அவன் எவன் என்று எனக்குத் தோன்றிய விடைகள் நாக்கு வரைக்கும் வந்தன. அச்சுக்கோத்தவனா, வாங்கியவனா, கடிதம் எழுதியவனா. எதையும் எடுத்துக் கொடுக்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஹெலன் எட்டிப் பார்த்து, ரயிலுக்கு நேரமாச்சே மேடம், இப்பக் கெளம்புனாத்தான் சரியாயிருக்கும் என்றாள். கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பெர்சிஸின் உதடுகள் ஏதோ ஒரு சொல்லுக்காகக் குவிந்து, கலைந்து, மறுபடியும் குவிந்தன. ரயில் ஊதிவிட்டுக் கிளம்பும் சத்தம் வந்தது. அவள் இன்னும் இரண்டாவது சொல்லில்தான் இருந்தாள்.